மக்கும் பை கடலில் மக்குமா?

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் அங்குள்ள தமிழர்களுக்குப் பழகிய சந்தை. வாழை இலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். அவற்றோடு ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பை ஒன்றும் வீட்டுக்கு வரலாம். அது காளிகாட்டை ஒட்டி ஓடும் ஆதிகங்கையில் விழுந்தால், ஹூக்ளி வழியாக வங்கக் கடலுக்கே போய்விடும். அங்கே மக்குமா?

மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகைப் பிளாஸ்டிக் மக்க ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். உர ஆலைக் குவியலில் அந்தச் சூடு உண்டு. கடலில் ஏது? ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பி.எச்.பி. வகை அப்படியல்ல. 1926-இல் பிரான்சின் மொரீஸ் லெமுவான் அதைப் பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே கண்டறிந்தார். நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல் சில பாக்டீரியாக்கள் அதைச் சேமித்து வைக்கின்றன. எனவே கடல் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அது உணவு. மேலே படலமாக ஒட்டி, நொதியைச் சுரந்து, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டுகளாக அறுத்து உட்கொள்கின்றன. கரியமில வாயுவும் நீருமாக அது கரைந்துபோகிறது. குளிர்ந்த ஆழ்கடலில் மட்டும் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். அதற்குள் ஓர் ஆமை அதை விழுங்கிவிடலாம்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ‘மக்கும்’ என்று விற்ற ஒரு பை 3 ஆண்டு கடலில் கிடந்த பின்னும் சாமான்களைத் தாங்கியது. நெஞ்சை உறுத்தும் செய்தி இது.

பையில் அச்சிட்ட சொல்லை நம்பி அதைத் தெருவில் எறியாதீர்கள். சந்தைக்குக் கிளம்பும்போது ஒரு துணிப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்.