செவிக்குள் சில சவ்வுகள்



வில்லியனூர்த் திருக்காமேசுவரர் கோயில் தேர்த்திருவிழாவில் தவில் முழங்கக் கேட்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். பாகூரில் வாழ்ந்த என் தாய்மாமன் அக்கருவியையே வாழ்வாகக் கொண்டவர். நாற்பது ஆண்டுகள் வாசித்தவர். இறுதிக் காலத்தில் அவர், "மாப்பிள்ளை, நீ பேசுவது காதில் விழுகிறது, என்ன பேசுகிறாய் என்பதுதான் விளங்கவில்லை" என்பார். மருத்துவம் பயின்றபோது, உட்செவியின் மெல்லிய வெட்டொன்றை நுண்ணோக்கியில் கண்ட அன்றே அச்சொல்லின் பொருளை உணர்ந்தேன்.

ஒலி முதலில் செவிப்பறையைத் தாக்குகிறது. அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று அடுக்குகள்: வெளியே தோல், உள்ளே சளிச்சவ்வு, நடுவே நார்கள். நார்களுள் சில ஆரக்கால்களைப்போல விரிகின்றன. சில வட்டமாகச் சூழ்கின்றன.

அதிர்வு மூன்று சிற்றெலும்புகளின் வழியே, நத்தைக்கூடு போன்ற உட்செவியை அடைகிறது. அங்கே நீர் நிறைந்த குழல்களைப் பிரிப்பவை இரு சவ்வுகள். மேலே உள்ளது இரண்டே உயிரணு அடுக்குகள் கொண்ட ரைஸ்னர் சவ்வு. கீழே உள்ளது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடிச்சவ்வு. இது தொடக்கத்தில் குறுகி விறைத்தும், நுனியில் அகன்று தளர்ந்தும் இருக்கிறது. ஆதலின் கீச்சொலி தொடக்கத்தையும், கனத்த ஒலி நுனியையும் மிகுதியாக அசைக்கின்றன. தவிலின் வலந்தலையையும் தொப்பியையும் ஒரே தோலில் அமைத்தாற்போன்ற விந்தை அது! இவ்வசைவை ஆராய்ந்த பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

அடிச்சவ்வின்மேல் இருப்பது, 1851இல் கோர்ட்டி விவரித்த உறுப்பு. அதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். அவற்றின்மேல் கூழ்போன்ற கூரைச்சவ்வு. அடிச்சவ்வு அசைய, மயிர்கள் சாய்கின்றன. அச்சாய்வே நரம்பில் மின்குறிப்பாகிறது.

பேரொலியில் நெடுங்காலம் உழன்றால் மயிரணுக்கள் மடிகின்றன. பெரும்பாலும் கீச்சொலிக்குரியவையே முதலில் கெடுகின்றன. அதனால் உயிரெழுத்தின் ஓசை கேட்கும். 'ச' போன்ற மெய்களின் ஓசை மறையும். பேச்சு கேட்கும், சொல் விளங்காது. என் மாமனுக்கு நேர்ந்தது அதுவே.

செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும். மனிதர்க்கு மயிரணுவோ மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே திருவிழாவில் குழந்தைகளை ஒலிபெருக்கியின் அருகில் நிறுத்தாதீர்கள். காதில் ஊக்கையும் கோழியிறகையும் நுழைக்காதீர்கள். கலைஞர்களே, வாசிப்புக்கு இடையே செவிக்கும் சிறிது ஓய்வு தாருங்கள். அடுத்த தலைமுறைக்குத் தாளம் சொல்லித்தருவோர், அது திருப்பிச் சொல்வதையும் கேட்க வேண்டுமன்றோ?