மழலையின் கண்ணும் தடித்த கோடும்



சங்கச் செய்யுளையும் கல்வெட்டையும் ஆராய்வதற்கு அவை கூடுவதை இயல்பெனக் கொள்ளும் நம்மவர், இன்னும் ஓரெழுத்தும் அறியாத, சிலபோது தவழவும் தொடங்காத மகவின் கையிற் கொடுக்கப்படும் சித்திரப் புத்தகத்தைப் பற்றி ஒருநாள் முழுவதும் விசாரணை செய்ய அறிஞர் கூடியிருக்கின்றனரென்று கேட்டால், இதுவும் ஆராய்ச்சிக்குரிய விஷயமோ என்று வியக்கலாம். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் முதன்முதலாக வாசிப்பது கோட்டையும் வர்ணத்தையுமே ஆதலாலும், அந்த வாசிப்பு நிகழும் இடம் பெரும்பாலும் ஒரு மடியே ஆதலாலும், இதனினும் அடிப்படையான இலக்கிய விஷயம் வேறொன்று உண்டென்று நான் கருதவில்லை.

பிறந்த சிசுவின் பார்வை ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் உள்ள பொருளிலேதான் ஒருவாறு தெளிவு கொள்கிறது. அத்தூரமோ பாலூட்டும் தாயின் முகத்துக்கும் அவள் மடியிற் கிடக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் இடைப்பட்ட தூரமாகவே இருக்கிறது. 1961இல் ரொபேர்ட் பான்ட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், வெறுமையான பரப்பைக் காட்டிலும் கோலமமைந்த பரப்பையே சிசுக்கள் நெடுநேரம் நோக்குகின்றன என்று தம் பரிசோதனைகளை எடுத்துரைத்த பின்னர், குழந்தை ஒன்றையும் காண்பதில்லை என்ற பழைய எண்ணம் நிலைகுலைந்தது. முதல் வாரங்களில் மென்மையான நிறபேதங்கள் அதற்குப் புலப்படா. கருமைக்கும் வெண்மைக்கும் இடையேயுள்ள கூரிய வேறுபாடு புலப்படும். வர்ணங்களைப் பகுத்துணரும் ஆற்றல் மூன்று நான்கு மாதங்களிற் படிப்படியாகத் திரளும். ஆகவே தடித்த கோடும் முழுநிறமும் குழந்தையின் கண் கேட்கும் உணவு. அதனைச் சித்திரக்காரனின் திறமைக் குறைவென்றோ சிறுபிள்ளைத்தனமென்றோ எண்ணுவது தவறு.

தடித்த கோட்டால் வரையும் சித்திரம் எளிதில் வாய்ப்பதுமன்று. ஒல்லாந்து நாட்டு டிக் புரூனா 1955இல் தொடங்கி வரைந்த முயற்குட்டியை எடுத்துப் பாருங்கள்: கனத்த கருங்கோடு, இரண்டு புள்ளிகளாகக் கண், எண்ணிச் செலவிட்ட நான்கைந்து நிறம், அவ்வளவே. விலக்கத் தெரிந்தவனுக்கே இது கைவரும். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசிகொண்ட கம்பளிப்புழுவின் கதையில், புழு தின்ற இடந்தோறும் தாளிலேயே துளையிட்டிருந்தமையால், குழந்தையின் விரலும் ஒரு வாசகனாயிற்று. நம் கடைவீதிகளில் மலிவாக விற்கப்படும் படப் புத்தகங்களிலோ, ஒரு பக்கத்தில் ஒன்பது பழமும் பத்து மிருகமும் பளபளப்பான நிழற்படங்களாக நெருக்கப்பட்டு, எதனை நோக்குவதென்று அறியாது பிள்ளையின் கண் அலைகிறது. இதனை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் நாட்டிலே இக்கலைக்கு முன்னோடி இல்லாமலில்லை. காலி மாவட்டத்து கிந்தோட்டையிற் பிறந்து 2020இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் 1956இல் எழுதியும் வரைந்தும் தந்த குடைத் திருடன் கதை, பட்டினத்திலே வாங்கிய குடையை மீண்டும் மீண்டும் இழக்கும் ஒரு கிராமத்தவரையும், மரத்திலே குடைகளைத் தொங்கவிடும் ஒரு குரங்கையும் கொண்டு, பல மொழிகளுக்கும் பயணம் செய்தது. அக்கதையில் வரும் வீடும் பாதையும் முகங்களும் அவர் வளர்ந்த தென்னிலங்கைக் கிராமத்தினுடையவையே. அதனாலேயே யப்பானியக் குழந்தையும் அவற்றை விரும்பியது என்பது என் அபிப்பிராயம். தமிழில், சென்னையில் 1996இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளிலும் சிறார் சித்திர நூல்களை வெளியிட்டு நல்வழி காட்டியிருக்கிறது. எனினும் மலையகத் தோட்டத்துக் குழந்தை தன் குடியிருப்பாகிய லயத்தையும், பீலியில் விழும் நீரையும், தாயின் முதுகிலே தொங்கும் கொழுந்துக் கூடையையும், அவள் இடுப்பிற் கட்டிய படங்கையும் ஒரு தடித்த அட்டையிற் கண்டு கைநீட்டும் நூல்கள் எத்தனை? சிங்கத்தையும் அப்பிளையும் அது பின்னர் அறிந்துகொள்ளட்டும். ஊவாவின் வெலிமடைப் பிள்ளைக்குக் கோவாவும் லீக்ஸும் கரட்டும் வாசலிலே விளைகின்றன. ஒரு கோவாவின் உருண்டை வடிவத்தைப்போல் தடித்த கோட்டுக்கு இணங்கும் வடிவம் அரிது.

இனி, இவ்வுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். காலையில் வேலைக்குப் பெயர்கொடுக்கும் பெரட்டு முடிந்து தோட்டத்துத் தாய் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியபின், கைக்குழந்தையின் பகற்பொழுது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமாகிய பிள்ளைக்காம்பராவிலே ஆயாவின் கையிலோ, லயத்திலே பாட்டியின் மடியிலோ கழிகிறது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்தது 1970களில்தான் ஆகையால், நம் பாட்டிமாரிற் பலர் எழுத்தறியும் வாய்ப்பே கிட்டாது கொழுந்தெடுத்து முதுமையடைந்தவர்கள். எழுத்து நிறைந்த புத்தகம் அவர்களைத் தம் பேரப்பிள்ளையின் முன்னிலையில் நாணச் செய்யும். சொல்லே இல்லாத, அல்லது ஒரு சொல் மாத்திரமுள்ள சித்திரப் புத்தகமோ அவர்களைப் பூரண வாசகியராக்கும். படத்திலே ஒரு காகத்தைக் காட்டி, அது நேற்று ரொட்டித் துண்டைக் கவர்ந்து சென்ற காகமென்று கதை கட்டும் பாட்டியின் நாவன்மையும், அவள் ஏணையாட்டிப் பாடும் தாலாட்டின் சந்தமும் அப்புத்தகத்தின் உரைப்பகுதியாகும். அச்சிட்ட உரை எதுவும் அதற்கு ஈடாகாது.

மலையகத்து மூடுபனியின் ஈரம் தாளை எளிதிற் பூசணம் பிடிக்கச் செய்யும். குழந்தையோ புத்தகத்தை வாயாலும் வாசிக்கும். ஆதலால் கனத்த அட்டை, வட்டமாக வெட்டிய மூலை, நச்சற்ற மை என்பன அவசியமாகும். அட்டை நூலுக்குப் பொருள் போதாதவிடத்து, கறுப்புத் துணியில் வெள்ளைத் துணியை வெட்டி ஒட்டுத்தையலாகத் தைத்த நான்கு பக்கத் துணிப்புத்தகம் துவைக்கவும் உலர்த்தவும் தக்கதாகையால், தையல் தெரிந்த பெண்கள் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் ஆக்கத்தக்கது.

ஓவியர்கள் படம் வரையுமுன் ஒரு காலைப்பொழுதேனும் பிள்ளைக்காம்பராவில் அமர்ந்திருப்பது எவ்வாறு, நூல்களை மாகாண முன்பள்ளிகளுக்குக் கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு, சிங்களக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் பகிர்ந்துகொள்ளும் சொல்லற்ற நூல்கள் எவை என்பன இன்று நீங்கள் ஆராய வேண்டியவை. நிகழ்ச்சி நிரலில் ஆயாமார் பேசும் அமர்வு மாலையில், பேருந்து பிடிக்கப் பலர் எழுந்துசெல்லும் வேளையில் வைக்கப்பட்டிருக்கிறது. தலைமையின் உரிமையை ஒருமுறை பயன்படுத்தி, அதனை முதல் அமர்வாக மாற்றுகிறேன். ஆயாமார் முன்வரிசைக்கு வந்து அமருமாறு அன்புடன் அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.