கூலி நின்றால் ஆட்டமும் நிற்கும்
(மெர்போக்கில் காற்பந்து அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கெடாக் காற்பந்துக் குழுவின் வரவு செலவைப் பார்க்கவே நாம் இங்கு கூடியிருக்கிறோம்.

முதலில் வரவு. 1990, 1993, 2007, 2008, 2016 என ஐந்து முறை மலேசியக் கிண்ணம் நம் மாநிலத்துக்கு வந்தது. அஸ்ராய் கோர் பயிற்சியில் 2007-லும் 2008-லும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து வென்றோம். மார்லன் ஜேம்ஸ் கோல் போட்ட நாள்களை மறப்போமா?

இனிச் செலவு. 2024-25 பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி. அதற்காகப் புள்ளிகளை வெட்டினார்கள். 2025-26 சூப்பர் லீகில் ஆட உரிமமே கிடைக்கவில்லை. அதே ஆண்டில் அண்டை மாநிலமான பேராக்கின் குழுவும் லீகை விட்டு விலகியது. திடலில் தோற்றிருந்தால் பொறுத்துக்கொள்வோம். சம்பளப் புத்தகத்தில் அல்லவா தோற்றோம்!

தோழர்களே, ஆட்டக்காரனும் உழைப்பாளிதான். அவனுக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு உண்டு. பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தினால் இன்றைக்குப் பால் கூடலாம். நாளைக்குப் பட்டை முண்டு முண்டாகிக் கத்தி ஓடாது. பெரிய பெயர்களை வாங்கிவிட்டுக் கூலியை நிறுத்திய குழுவின் கதையும் அதுதான்.

வரும் பருவத்துக்கு நாம் கேட்பது மூன்று. சம்பளம் மாதந்தவறாமல் வரட்டும். கணக்கு வெளியே வரட்டும். தோட்டத்துத் திடல்களில் ஆடும் நம் பிள்ளைகளையும் தேர்வுக்கு அழைக்கட்டும்.

கிண்ணம் பிறகு வரட்டும், நாம் காத்திருப்போம். பாக்கி மட்டும் காத்திருக்கக் கூடாது.