படகிலே வளர்ந்த பிள்ளைகள்



இங்கிலாந்தின் வடமேற்கே, மெர்ஸி ஆற்றின் தென்கரையில், எல்ஸ்மியர் போர்ட் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பழைய படகுத்துறையில், கால்வாய்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் ஒன்றை 1976ஆம் ஆண்டில் திறந்தார்கள். அங்கே நான் கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றி இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

செஸ்டர் நகரத்திலிருந்து இவ்வூர் வரை வெட்டப்பட்ட கால்வாய் 1795இல் திறக்கப்பட்டது. கால்வாய் மேட்டில் இருக்கிறது. ஆறோ பள்ளத்தில் ஓடுகிறது. படகு எவ்வாறு கீழே இறங்கும்? இரு முனைகளிலும் கதவுகள் பொருத்திய பெருந்தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். படகு தொட்டிக்குள் புகுந்ததும் மேற்கதவை மூடித் தண்ணீரை வெளியே விடுவார்கள். நீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்தால் வழி கிடைத்துவிடும். இத்தனைக்கும் வேண்டியது மனிதனுடைய தோள்வலிமை ஒன்றுதான்.

சாலையிலே சுமார் இரண்டு டன் பாரம் இழுக்கும் குதிரை, கால்வாயிலே படகில் ஏற்றிய இருபத்தைந்து டன்னை இழுத்துச் செல்லும். நிலக்கரியும் இரும்பும் தானியமும் மட்பாண்டத் தொழிலுக்கான வெண்களிமண்ணும் இவ்வாறுதான் குறைந்த செலவில் ஊர் ஊராகச் சென்றன.

துறையில் நின்ற படகொன்றில் குனிந்து புகுந்தேன். எழுபதடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அப்படகில் ஏறக்குறைய எல்லா இடமும் சரக்குக்கே உரியது. மனிதருக்கென்று பின்புறத்தில் ஓர் அறை. அதன் நீளம் பத்தடிக்கு மேல் இராது. கைகளை விரித்தால் இரு சுவர்களும் எட்டிவிடும் போலிருந்தது. ஒரு மூலையில் கரியடுப்பு. அருகே, கதவைச் சாய்த்தால் மேசையாகிவிடும் அலமாரி. இரவில் மட்டும் விரிக்கும் கட்டில். பலகைகளில் ரோஜா மலர்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். அழகைக் கண்டு மகிழ்ந்த மனம், இதில் ஒரு குடும்பமே வாழ்ந்தது என்றறிந்ததும் திடுக்கிட்டது.

இரயில்வே வந்தபின் கால்வாய்களின் வருமானம் குறைந்தது. படகோட்டிகளின் கூலியும் குறைந்தது. வீட்டு வாடகைக்கும் உதவியாள் கூலிக்கும் வழியற்ற படகோட்டி, மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டான். தாய் சுக்கான் பிடித்தாள். பிள்ளை குதிரையை நடத்திச் சென்றான். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். பள்ளிக்கூடம் கரையில் நின்றது. பிள்ளையோ நீரோடு நகர்ந்துகொண்டிருந்தான்.

அவர்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர். சிறுவயதிலேயே செங்கற்சூளையில் உழைத்தவராதலால், அவர் குழந்தைகளின் துயரத்தை அனுபவத்தால் அறிந்திருந்தார். அவர் முயற்சியால் 1877இல் ஒரு சட்டம் பிறந்தது. படகுகளைப் பதிவு செய்யவேண்டும். அறையில் இத்தனை பேரே வசிக்கலாம். படகு பதிவான ஊரின் பிள்ளைகளாகவே அக்குழந்தைகளைக் கருதிக் கல்வி தரவேண்டும் என்று அது விதித்தது. 1884இல் மற்றொரு சட்டம் அதற்கு வலுவூட்டியது. ஆயினும், ஓடும் படகைத் தொடர்ந்து பள்ளிக்கூடம் ஓட முடியுமா? எழுத்தறியாமலே வளர்ந்து முதுமை எய்தியவர் பலர்.

படகைவிட்டு இறங்கிச் சற்று நடந்தால், துறையில் சுமை தூக்கியவர்களுக்காக 1833இல் கட்டிய நான்கு சிறு வீடுகளைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து வாழ்க்கையைக் காட்டுகிறது. அவையும் ஏழைகளின் வீடுகளே. ஆனால் அவை அசையாமல் நின்றன. அங்கே பிறந்த குழந்தைக்கு ஓர் ஊர் இருந்தது. ஊரிலே பள்ளிக்கு ஒரு பாதையும் இருந்தது.

கடுங்குளிரால் கால்வாய்கள் உறைந்துபோன 1963ஆம் ஆண்டோடு, சரக்குப் படகுகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. மலிந்த நிலக்கரியை வரலாறு கணக்கெடுத்துப் பாராட்டுகிறது. அக்கணக்கில் ஏறாத விலை ஒன்றை, அந்தப் பத்தடி அறையில் நான் கண்டேன். நாளைக் காலை புத்தகப்பையுடன் நீங்கள் நடக்கும் பழகிய பாதை எத்தனை பெரிய செல்வம் என்பதை அப்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.