ஒத்த ஒலியும் வேற்றுப் பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'ரைட்' என்னும் ஆங்கில ஓசையை எடுத்துக்கொள்வோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவ்வோசைக்கு உரிய சொற்கள் நான்கு உள்ளன. சரி, வலப்பக்கம், உரிமை ஆகிய பொருள்களைத் தருவது ஒன்று. எழுதுதல் என்னும் வினை மற்றொன்று. சடங்கைக் குறிப்பது மூன்றாவது. கைவினைஞனைக் குறிப்பது நான்காவது. நான்கிற்கும் எழுத்துக்கூட்டு வேறு, ஓசை ஒன்றே. தமிழெழுத்தில் எழுதும்போது அந்த வேறுபாடும் மறைந்து, நான்கும் 'ரைட்' என்றே நின்றுவிடுகின்றன.

இத்தகைய சொற்களைக் கண்டு, ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி என்று நகைக்கும் தமிழ் மாணவர் உண்டு. ஒலிக்காத எழுத்தை ஏன் எழுதவேண்டும் என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. அதற்கான விடை அம்மொழியின் வரலாற்றில் இருக்கிறது.

இரவைக் குறிக்கும் 'நைட்' ஒன்று. வீரப்பட்டம் பெற்றவனைக் குறிக்கும் 'நைட்' மற்றொன்று. பின்னதன் முதலில் 'கே' என்னும் எழுத்து ஒலியின்றி நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது ஊமையெழுத்து அன்று. இரவு 'நிஹ்ட்' என்றும், மற்றது 'க்னிஹ்ட்' என்றும் ஒலிக்கப்பட்டன. 'க்னிஹ்ட்' என்பதற்கு அன்று சிறுவன், ஏவலன் என்பனவே பொருள். ஏவலன் படைவீரனாகி, பின்னர்ப் பட்டம் பெற்ற பெருமகனாக உயர்ந்தான். அதன் உடன்பிறப்பான ஜெர்மானியச் சொல் இன்றும் பணியாளையே குறிக்கிறது. அதில் ககர ஒலியும் அழியாமல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ பதினேழாம் நூற்றாண்டளவில் அவ்வொலி நாவிலிருந்து நழுவியது. இருவேறு சொற்கள் ஒரே ஓசையில் வந்து கலந்தன.

நாவு மறந்ததை எழுத்து மறக்கவில்லை. 1476ஆம் ஆண்டு வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு மெல்ல நிலைபெறலாயிற்று. ஒலிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே சென்றது. ஆங்கிலச் சொற்களில் இன்று ஊமையாக நிற்கும் எழுத்துகள் பல, ஒருகாலத்தில் உயிரோடு ஒலித்தவற்றின் நடுகற்கள் எனலாம்.

நடுகல்லைப் படிக்கத் தெரிந்தவர்க்குப் பொருளும் புலப்படும். நாடக ஆசிரியரை ஆங்கிலத்தில் 'பிளேரைட்' என்பர். இதன் ஈற்றில் உள்ளது எழுதுதலைக் குறிக்கும் 'ரைட்' என்று கருதி, அவ்வாறே எழுத்துக்கூட்டுவோர் பலர். உண்மையில் அது கைவினைஞனைக் குறிக்கும் நான்காவது 'ரைட்'. கப்பல் கட்டுபவனுக்கும் சக்கரம் செய்பவனுக்கும் உரிய பெயரீறே நாடக ஆசிரியர்க்கும் வழங்குகிறது. அவர் நாடகத்தை எழுதுபவர் மட்டும் அல்லர், அதனைச் செய்பவர். பாட்டைச் 'செய்யுள்' என்று வழங்கிய தமிழர்க்கு இது புதிய கருத்தன்று. கவிதையும் ஒரு கைவினை என்னும் உண்மையை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுள்ளன.

இதுகாறும் கண்டவை, பிறப்பால் வேறாகி ஓசையால் ஒன்றானவை. பிறப்பால் ஒன்றாகி எழுத்தால் வேறானவையும் உண்டு. நிலையாக நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும், தாள், மை முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடும். முன்னதில் 'ஏ', பின்னதில் 'ஈ'. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்போர் நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த புத்தக வணிகர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அவர் கடைச் சரக்கே பின்னாளில் 'ஸ்டேஷனரி' ஆயிற்று. லண்டன் மாநகரில் அவ்வணிகர்களின் சங்கம் 1557இல் அரச உரிமைப் பட்டயம் பெற்றது.

மலரைக் குறிக்கும் 'ஃபிளவர்', மாவைக் குறிக்கும் 'ஃபிளவர்' ஆகிய இரண்டும் மூலத்தில் ஒரே சொல். தானியத்தை அரைத்துச் சலித்தெடுத்த நயமான பகுதி, அதன் 'மலர்' எனப்பட்டது. நெடுங்காலம் எழுத்துக்கூட்டில் வரையறையின்றி வழங்கிய இவை, பிற்காலத்திலேயே திட்டமாகப் பிரிக்கப்பட்டன. ஒரு சொல் இரண்டாகப் பிரிந்த கதை இது.

கவிஞர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. புதிய நூலை நண்பர்க்கு வழங்கும்போது, 'காம்ப்ளிமென்டரி காப்பி' என முத்திரையிடுவது வழக்கம். இங்கே நடுவில் வரவேண்டிய எழுத்து 'ஐ'. அதனிடத்தில் 'ஈ' வந்துவிட்டால், அன்பளிப்புப் படி என்பது நிறைவு செய்யும் படி எனப் பொருள்படும். இரண்டும் நிரப்புதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஒன்று நேரே வந்து நிறைவைக் குறித்தது. மற்றொன்று தென் ஐரோப்பிய மொழிகள் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் வந்து, மரியாதை மொழியையும் பாராட்டையும் குறித்தது.

ஒத்த ஒலி, குறை மட்டுமன்று. புலவர்க்கு அது கருவியும் ஆகும். ஷேக்ஸ்பியர் தம் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தைத் தொடங்கும்போதே, கதிரவனைக் குறிக்கும் 'சன்', மகனைக் குறிக்கும் 'சன்' இரண்டையும் ஒருசேர நினைவூட்டுகிறார். யார்க் குலத்து மகனான நான்காம் எட்வர்டின் சின்னம் கதிரவன் என்பதை அறிந்தவர்க்கு அச்சிலேடை இனிக்கும். காளமேகப் புலவரைப் பயின்ற அவைக்குச் சிலேடையின் சுவையை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இரு பொருளையும் தனித்தனியே அறிந்தவரே சிலேடை செய்ய வல்லவர். அறியாதவர் செய்வது பிழை.

இனித் தமிழுக்கு வருவோம். மரம், மறம், அரம், அறம், கரை, கறை, பரவை, பறவை. முன்னவை இடையின ரகரம் பெற்றன. பின்னவை வல்லின றகரம் பெற்றன. நாநுனி அண்ணத்தை ஒற்றப் பிறப்பது றகரம் என்றும், வருடப் பிறப்பது ரகரம் என்றும் தொல்காப்பியம் பிறப்பியலில் வரையறுக்கிறது. மலையாளத்தில் இவ்விரண்டும் இன்றும் ஒலியால் வேறுபட்டு வழங்குகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில், உயிரேறி வரும் இடங்களில் இவ்வேறுபாடு பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அராவும் கருவியான அரமும், வாழ்வின் நெறியான அறமும் செவிக்கு ஒன்றாகவே கேட்கின்றன. ஆங்கிலத்தின் 'நைட்' சென்ற வழியும் இதுவே. ஊமையெழுத்தைக் கண்டு நகைத்தவர் தம் நாவையும் சற்று நோக்குதல் வேண்டும்.

இது மேடைப் பேச்சின் அழகு பற்றிய செய்தி மட்டுமன்று, யாப்போடும் தொடர்புடையது. கரை, கறை இரண்டையும் எதுகையாக அமைப்பாருண்டு. இக்காலச் செவி அதனை ஏற்கிறது, இலக்கணம் ஏற்பதில்லை. லகர ழகர ளகரங்கள் மயங்கினாலும், அவை இடையினமாதலின் இன எதுகை என்னும் சலுகை கிட்டும். ரகரம் இடையினம், றகரம் வல்லினம் ஆதலின் அச்சலுகையும் இல்லை. செவியை மட்டும் நம்பிப் பாடுபவர், எதுகை அமைந்ததாக எண்ணி எதுகையை இழக்கிறார்.

ஆங்கிலப் புலவர்க்குக் ககர ஒலியை மீட்கும் வாய்ப்பு இன்றில்லை. அவர்க்கு எஞ்சியிருப்பது எழுத்தின் நினைவு ஒன்றே. தமிழ்ப் புலவர்க்கு நினைவும் உண்டு, வழியும் உண்டு. ஒற்றுவது எது, வருடுவது எது என்னும் இலக்கணம் கையில் இருக்கிறது. அண்டை மொழியில் அவ்வொலி உயிரோடு இருக்கிறது. மாதந்தோறும் கவியரங்கம் நடத்தும் இத்தகைய வட்டங்களில் பாடுவோர் அறத்தை அறமாகவே ஒலித்தால், கேட்கும் இளைஞர் செவியில் அது பதியும். செவியில் பதிந்தது நாவுக்கு வரும்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் அப்பணியையும் மேற்கொள்ளுமாக.