சடக்கு தோட்டத்துக்குள் வரும்போது



தோட்டப்புறத்தில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களைக் கேட்டால், "ஐந்தாங் கட்டை", "ஏழாங் கட்டை" என்றுதான் இன்றும் பதில் வரும். கட்டை என்பது சடக்கோரத்தில் நட்டிருந்த மைல்கல். மைல் கணக்குப் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் கட்டை மட்டும் நம் பேச்சை விட்டுப் போகவில்லை. கல்லுடைத்து, மண் சுமந்து, தார் காய்ச்சி இந்த நாட்டின் சடக்குகளைப் போட்டவர்களில் நம் பாட்டனும் பாட்டியும் இருந்தார்கள் அல்லவா! பொதுப்பணி இலாகாவின் சடக்கு வேலை என்றாலே அந்நாளில் தமிழர் வேலை என்று சொல்லும் அளவுக்கு இருந்தது.

அவர்கள் போட்ட பழைய பெருஞ்சடக்குக்கு இன்று கூட்டரசுச் சாலை எண் 1 என்று பெயர். ஜொகூர் பாருவில் தொடங்கி, காஜாங், ரவாங், தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார், ஈப்போ என்று ஊர் ஊராக நுழைந்து, தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை போகிறது. அதன் குணமே ஊருக்குள் நுழைவதுதான். பஸ் நிற்கும், இறங்கித் தேநீர் குடிக்கலாம், கடைத்தெருவைப் பார்க்கலாம்.

இதே இரு முனைகளை இணைக்க இன்னொரு சாலை பின்னால் வந்தது. அதுதான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. நீளம் 772 கிலோமீட்டர். 1980ஆம் ஆண்டில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அமைக்கப்பட்டது. வேலை பகுதி பகுதியாக நடந்தது. 1988இல் பிளஸ் நிறுவனத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1994 செப்டம்பர் 8ஆம் நாள் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது அதனை அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார். பழைய சடக்கு ஊருக்குள் நுழைந்தது. புதிய சாலையோ ஊர்களை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் வேண்டுமானால் வளைவு இருக்கக்கூடாது, சந்திப்பு இருக்கக்கூடாது, வீட்டு வாசல் இருக்கக்கூடாது. அப்படியானால் ஊருக்கு வெளியே அகலமான, நீண்ட நிலம் வேண்டும். மேற்குக் கரையில் அத்தகைய நிலம் யாரிடம் இருந்தது?

விடை உங்களுக்கே தெரியும். ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும்தான். ஒரு கம்பத்தின் வழியே சாலை போடவேண்டுமானால் நூறு பேரிடம் பேசவேண்டும். தோட்டத்தின் வழியே போடுவதானால் பட்டாவில் இருப்பது ஒரே பெயர். ஒரு கம்பெனியிடம் பேசினால் போதும். நெடுஞ்சாலை அடிக்கடி நம் பக்கம் திரும்புவதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். ஏறக்குறைய இருபது மைல். இந்தப் பாதையில் முதலில் வந்தது இரயில். 1886இலேயே கிள்ளானுக்கு அருகில் புக்கிட் கூடா வரை வந்துவிட்டது. சடக்கும் பெருகி, இன்று நாம் கூட்டரசு நெடுஞ்சாலை என்று அழைக்கும் பெரிய சாலை ஆயிற்று. இப்போது வழிநெடுகக் கட்டடம். ஆனால் பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்டத்தில் 1976இல் தொடங்கிய நகரம். 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமும் தோட்டக்காடுகளின் மேல் எழுந்ததே. பால் வாளி தூக்கி நடந்த நிரைகளின் மேல்தான் இன்று கார்கள் ஓடுகின்றன. 1993இல் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. சாலை வந்தால் அதன் பக்கத்து நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் ரப்பர் மரத்தை விட வீட்டுமனை இலாபம். ஆகவே சாலைக்கு எடுத்த நிலம் கொஞ்சம்தான். சாலை வந்ததனால் போன நிலமே அதிகம்.

சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை லோரியில் ஏற்றிச் செம்மண் சடக்கில் கொண்டு போன கதைகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்று பெரிய மருத்துவமனைக்கு அரை மணியில் போகலாம். மோட்டார் சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் டோல் கட்டணம் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதையும் 1970களில் போடப்பட்டது. பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளில் 2018 சனவரி முதல் யாருக்குமே கட்டணம் கிடையாது. (பிள்ளைகளுக்கு ஒரு சொல்: மழைக்காகப் பாலத்தடியில் சாலையோரமாக மோட்டாரை நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.)

சடக்கில் தலைநிமிர்ந்து போகும் உரிமைக்கும் நம்மவர் விலை கொடுத்திருக்கிறார்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பள உயர்வோடு வேறு கோரிக்கைகளும் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது மற்றொன்று. தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டார்கள். சைக்கிளில் இருந்து இறங்காமல் போவதற்கு இத்தனை பாடு!

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்தில் அளவைக்காரர்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன கிடைக்கும்?

சாலைக்காக அரசாங்கம் நிலம் எடுப்பது 1960ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி. இழப்பீடு நிலத்தில் உரிமை உள்ளவருக்கே. உரிமையாளரின் அனுமதியால் மட்டும் குடியிருப்பவர், மூன்று தலைமுறை இருந்தாலும், அந்தக் கணக்கில் சேரமாட்டார். லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டமும் வேலை செய்யும் காலத்தில் வீடு எப்படி இருக்கவேண்டும் என்பதைத்தான் பேசுகிறது.

வேலை போகிறவருக்கு 1980ஆம் ஆண்டின் விதிகள் ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்கின்றன. ஓராண்டாவது வேலை செய்திருக்கவேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு, ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். 22 ஆண்டு பால் வெட்டிய ஒருவருக்கு 440 நாள் சம்பளம். நாளுக்கு 60 வெள்ளி என்று வைத்தால் 26,400 வெள்ளி. இந்தப் பணத்துக்குக் கிள்ளானில் வீடு கிடைக்குமா என்பதை நீங்களே சொல்லுங்கள். இது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. வீடு, கோயில், பள்ளிக்கூடம் ஆகியவற்றையும் பேசிப் பெறலாம். பேசிப் பெற்ற தோட்டங்களும் உண்டு. அவரவர் தனித்தனியே கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் பத்தொன்பது ஆண்டு வேலை செய்த ஓர் அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுக் கணக்கே காட்டினார்கள். நடுவில் குத்தகைக்காரரிடம் மாற்றிவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். அந்த அம்மா பழைய சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். யூனியன்காரர் அவற்றை வாங்கி வரிசைப்படுத்திக் கொண்டுபோய்க் காட்டினார். பத்தொன்பது ஆண்டுக்கும் பணம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்!

ஆகவே தாய்மார்களே, இன்றிரவே ஒரு டின்னை எடுத்து வையுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டின் நகல், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். சேமநிதிக்கு முதலாளி மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறாரா என்று படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரிசின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளி மாற்றத்துக்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் போனால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, மாற்று நிலத்தில் பள்ளியைக் கட்டித் தரும்படி கேட்பதும் கடினமாகிவிடும்.

விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யூனியனிடமோ தொழிலாளர் இலாகாவிலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மனு கொடுத்தால் இரண்டு படி எழுதி, உங்கள் படியில் தேதியுடன் ஆபீஸ் முத்திரை வாங்கி, அதையும் அந்த டின்னிலேயே போட்டு வையுங்கள்.

வணக்கம்.