கதவு சாத்தியிருந்த காலத்துப் பிள்ளைகள்



போன மாதம் என் கராத்தே வகுப்பு முடிந்து பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வந்து நின்றார். மகளுக்கு 15 வயது. எட்டு வருடமாக என்னிடம் பயில்கிறாள். பிரவுன் பெல்ட். "மாஸ்டர், இந்த விளையாட்டு ஒலிம்பிக்கிலேயே இல்லையாமே? இனிமே படிப்பைப் பார்க்கட்டுமே" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நின்றபடி கையுறையின் பட்டையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று இந்த மேடையில் சொல்ல நினைக்கிறேன்.

2023 அக்டோபர். சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி முடியும் தறுவாயில் இருந்தது. நான் பிறந்த மலேசியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்தவை மொத்தம் ஆறே தங்கம். அதில் ஒன்று, கராத்தேயில் 50 கிலோவுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் சி. ஷாமளாராணி வென்றது. இன்னொன்று, ஸ்குவாஷ் ஒற்றையரில் சிவசங்கரி சுப்பிரமணியம் வென்றது.  சிவசங்கரி கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிக்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டவர். இரண்டு பெயர்களையும் செய்தியில் கேட்டபோது, தங்கம் என் வீட்டுக்கே வந்ததுபோல இருந்தது எனக்கு.

ஹாங்சோவில் கொடி இறங்கி எட்டே நாள். அக்டோபர் 16, மும்பையில் சர்வதேச ஒலிம்பிக் குழு கூடியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்குச் சேர்த்துக்கொண்ட விளையாட்டுகளில் ஸ்குவாஷ் இருந்தது, கராத்தே இல்லை. ஒரே நாடு, ஒரே போட்டி, இரண்டு தங்கம். ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்தது, இன்னொரு பெண்ணுக்குச் சாத்தியே கிடந்தது. ஷாமளாராணி அந்த மேடையில் என்ன தவறு செய்தார்? ஒன்றும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது ஒரே ஒரு முறை. 2021 ஆகஸ்ட்டில், டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில், மூன்றே நாள். எட்டுப் பிரிவுகள். அந்த மூன்றாம் நாளில் 22 வயது ஃபெரியால் அப்தெல்அசீஸ் தங்கம் வென்றார். எகிப்துக்காக ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான். அடுத்த பாரிஸ் போட்டியில் அதைக் காத்துக்கொள்ள அவருக்கு வழியே இல்லாமல் போனது.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும். ஆண்கள் கனஎடைப் பிரிவு இறுதிச்சுற்று. சவூதியின் தாரெக் ஹமேதி 4–1 என்று முன்னால் இருந்தார். அவர் வீசிய உயரமான உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதேயின் மேல் முழு வேகத்தில் விழுந்தது. சஜ்ஜாத் நினைவில்லாமல் விழுந்தார். நடுவர்கள் கூடிப் பேசி, ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். கீழே விழுந்தவருக்கே தங்கம்.

பார்த்தவர்கள் பலருக்குப் புரியவில்லை. குமித்தே என்னும் நேருக்கு நேர் மோதலில் குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் படும் உதைக்கு இரண்டு, தலைக்கு எழும் உதைக்கு மூன்று. ஆனால் அந்த உதை தலையை எட்டும் கணத்தில் அடங்க வேண்டும். முழு வேகத்தில் கிளம்பிய கால் தோலைத் தொட்டதும் திரும்பிவர வேண்டும். மூன்று நிமிடம், எட்டு மீட்டர் சதுரம், எதிரே நம்மை வீழ்த்த வந்த ஒருவர், நெஞ்சு படபடக்கிறது, அதற்குள் இந்த அடக்கம். உங்கள் மகள் எட்டு வருடமாக இதைத்தான் பழகுகிறாள் அம்மா. இன்னும் நான்கு வருடம் பழகினால் அவளுடைய காலும் மனமும் ஒன்றாகும் பருவம் வரும். அந்தப் பருவத்தின் வாசலில் வைத்து நிறுத்தச் சொல்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒலிம்பிக்கில் இல்லையே என்கிறீர்கள். பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட்டை உங்களில் பலருக்குத் தெரியும். எட்டு முறை ஸ்குவாஷ் உலகச் சாம்பியன். தன் விளையாட்டை ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2012-க்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2016-க்கு, 2020-க்கு, அப்போதும் இல்லை. 2019-இல் அவர் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக் களத்தில் ஒருநாளும் அவர் மட்டையைத் தூக்கியதில்லை. கதவு சாத்தியிருந்த அந்த வருடங்களிலும் அவர் ஆடியதைப் பார்த்துத்தான் மலேசியாவில் ஒரு தலைமுறை மட்டையைப் பிடித்தது. ஷாமளாராணியைப் பார்த்து இன்று கையுறை மாட்டும் பத்து வயதுப் பெண்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

போட்டிக்கும் பஞ்சமில்லை. ஆசிய விளையாட்டில் 1994 ஹிரோஷிமாவிலிருந்து கராத்தே இருக்கிறது. 2026 ஐச்சி–நகோயா போட்டியிலும் உண்டு. உலகச் சாம்பியன் போட்டி, பிரீமியர் லீக், உலக விளையாட்டுகள் என்று ஒரு வீராங்கனையின் பத்து வருடத்தை நிரப்பும் அளவுக்கு மேடைகள் இருக்கின்றன.

அந்தத் தாய் சொன்ன படிப்புக்கு வருகிறேன். நான் கராத்தே பழகியது மலேசியாவின் கிள்ளானில், ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில். வெறுங்கால், செம்மண். மழை வந்தால் சிற்றுண்டிச் சாலைக்குள் ஓடுவோம். பள்ளி விட்டதும் அதே இடத்தில் பயிற்சி என்பதால், எங்கள் அப்பா அம்மாவுக்குப் படிப்பா கராத்தேயா என்ற கேள்வியே எழவில்லை.

நாம் வாழும் இந்த ஊரில் அந்தக் கேள்வி எழுகிறது. காரணம் மிகச் சாதாரணமானது. நம் தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. என் வகுப்பும் அதே நேரம், நகரின் மறுகோடியில். இரண்டில் ஒன்றை விடும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். சிலர் தமிழை விடுகிறார்கள், சிலர் என்னை விடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வலிக்கிறது.

ஆகவே நம் சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பு 12 மணிக்கு முடிகிறது. அதன்பின் இந்த மண்டபம் மாலை வரை பூட்டியே கிடக்கிறது. அதில் இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். பாய்களை நான் வண்டியில் கொண்டுவருகிறேன், முடிந்ததும் கூட்டித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். சங்க உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வேண்டாம். சரி என்றால் அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம். அந்தப் பிரவுன் பெல்ட் பெண்ணை முதல் வரிசையில் நிறுத்த ஆசைப்படுகிறேன். அவளுடைய அம்மா இந்த அரங்கில்தான் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் நானே போய்க் கேட்கிறேன்.